பாட்டு முடிந்ததும் அடுத்தது வருமா? பைகேம், விஎல்சி, கியூட்டி மூன்றிலும் ஒரே பாட்டுப்பெட்டியைச் செய்து பார்த்த அனுபவம்

கடலூர் முதுநகரில் என் தாய்மாமா மைக் செட் வாடகைக்கு விடும் தொழில் செய்கிறார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று எதுவானாலும் அவருடைய வண்டியில் இரண்டு குழாய்களும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஒரு பழைய மடிக்கணினியும் ஏறிவிடும். சிடி போய், பென் டிரைவ் வந்து, பிறகு கைப்பேசியிலேயே பாட்டுப் போடும் காலமும் வந்துவிட்டது. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது அழைத்துவிட்டால் அழைப்பு மணி தெரு முழுக்கக் கேட்கும் என்பதால் அவர் மடிக்கணினியை விடவில்லை. "மாப்பிள்ளை, எனக்கு நாலு பொத்தான் போதும். ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்தது தானா வரணும். நான் பந்தல்காரனோட பேசிக்கிட்டு இருப்பேன், ஓடி ஓடி வந்து அமுக்கிக்கிட்டு இருக்க முடியாது" என்று அவர் கேட்டார்.

இதற்கு ஏன் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும், பாட்டும் படமும் ஓட்டும் விஎல்சி மென்பொருளே பட்டியலை வரிசையாக ஓட்டுமே என்று கேட்பது நியாயம்தான். ஓட்டும், நன்றாகவே ஓட்டும். ஆனால் அதன் பொத்தான்கள் வெயிலில் மாமாவின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பட்டியல் சாளரம் எங்கோ மறைந்துகொண்டால் அதை மீட்டெடுக்க என்னைத்தான் அழைப்பார். அவர் கேட்டது நான்கு பொத்தான். போடு (ஓடும்போது அமுக்கினால் இடைநிறுத்தம்), நிறுத்து, முந்தையது, அடுத்தது. பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரியும் என்ற துணிச்சலில், இதே பெட்டியை மூன்று வெவ்வேறு கருவிகளை வைத்து மூன்று முறை எழுதினேன். பைகேம், விஎல்சியின் உள்ளே இருந்து பாட்டை ஓட்டும் லிப்விஎல்சி, சாளரத்தையும் ஒலியையும் சேர்த்தே தரும் கியூட்டி ஆகிய மூன்றும் இலவசம். மூன்றையும் எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின்கீழ் பயன்படுத்தலாம். எனவே காசைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பாட்டைத் திறந்து ஒலிக்கச் செய்வதில் மூன்றும் சமம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது எதிலும் ஐந்து வரி வேலைதான். ஒரு பாட்டு முடிந்துவிட்டது என்ற செய்தியை நம் நிரலுக்கு அந்தக் கருவி எப்படிச் சொல்கிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

பைகேம் உண்மையில் விளையாட்டுகள் எழுதுவதற்காக 2000-ஆம் ஆண்டு வெளியான நூலகம், அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு. எஸ்டிஎல் என்ற பழைய, உறுதியான அடித்தளத்தின் மேல் நிற்கிறது. விளையாட்டுக்குப் பின்னணி இசை தேவை என்பதால் அதில் மிக்சர் மியூசிக் என்றொரு பகுதி உண்டு. லோட், பிளே, பாஸ், அன்பாஸ், ஸ்டாப் என்று கட்டளைகளின் பெயர்களே வேலையைச் சொல்லிவிடும். பாட்டு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல் கோப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து ஒலிக்கச் செய்வதால், நான்கு ஜிபி நினைவகம் உள்ள மாமாவின் கணினியில் ஒரு மணி நேரக் கச்சேரிப் பதிவும் சிரமமில்லாமல் ஓடியது. ஒரே மாலையில் பாட்டுப்பெட்டி தயாராகிவிட்டது. இந்த வேகத்துக்காகவே புதிதாகக் கற்பவர்களுக்குப் பைகேமைத்தான் சொல்வேன்.

தானாக அடுத்த பாட்டுக்குப் போவதற்கு இதில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது கியூ என்ற கட்டளை. இப்போது ஓடும் பாட்டு முடிந்ததும் இன்னொன்றைத் தொடர்ந்து ஓட்டச் சொல்லலாம். படிக்கும்போது இதுதான் நமக்கு வேண்டியது என்று தோன்றும். ஆனால் அந்த வரிசையில் ஓர் இடம்தான் உண்டு. அதில் இன்னொரு பாட்டை வைத்தால் முதலில் காத்திருந்தது வெளியே போய்விடும். ஓடும் பாட்டை நடுவில் நிறுத்தினாலோ மாற்றினாலோ காத்திருந்த பாட்டும் கைவிடப்படும். கலியாண வீட்டில் பெண்ணின் தாத்தா வந்து வேறு பாட்டுக் கேட்பது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும் காரியம் என்பதால் இந்த வழி எனக்கு ஒத்துவரவில்லை.

இரண்டாவது வழி, செட் எண்ட் ஈவென்ட். பாட்டு முடிந்ததும் ஒரு நிகழ்வை அனுப்பச் சொல்லிவிட்டு, அது வந்தால் அடுத்த பாட்டைப் போடும் முறை. பார்க்க மிக ஒழுங்கானது. இதில் இரண்டு முட்கள் இருக்கின்றன. ஒன்று, பைகேமின் நிகழ்வுகளைப் படிக்க அதன் காட்சிப் பகுதியும் தொடங்கப்பட்டிருக்க வேண்டும். சாளரத்தை டிகின்டர் என்ற பைத்தான் நூலகத்தில் வரைந்துவிட்டு ஒலிக்கு மட்டும் பைகேமை வைத்திருப்பவர்கள், எதற்கும் பயன்படாத ஒரு போலிக் காட்சியைத் தொடங்கி வைக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று, ஸ்டாப் கட்டளை கொடுத்தாலும் அதே நிகழ்வு வரும். பாட்டு தானாக முடிந்ததா, நாம் நிறுத்தினோமா என்பதை அந்த நிகழ்வு பிரித்துச் சொல்வதில்லை. என் முதல் வடிவத்தில் நிறுத்து பொத்தானை அமுக்கினால் அடுத்த பாட்டு ஓடத் தொடங்கியது. மீண்டும் அமுக்கினால் அதற்கடுத்தது. நிறுத்து என்பதும் அடுத்தது என்பதும் ஒரே வேலையைச் செய்யும் பெட்டியை நான் செய்திருந்தேன்.

எனவே பலரும் போகும் மூன்றாவது வழிக்கு வந்தேன். அரை வினாடிக்கு ஒருமுறை கெட் பிஸி என்று கேட்டு, ஒன்றும் ஓடவில்லை என்று பதில் வந்தால் அடுத்ததைப் போடுவது. டிகின்டரில் ஆஃப்டர் என்ற கட்டளைக்கு மில்லி வினாடிக் கணக்கில் ஒரு நேரத்தைக் கொடுத்தால் அந்த நேரம் கழித்து நம் வேலையை அது கூப்பிடும் என்பதால், ஐநூறு என்று எழுதிவிட்டால் கடிகாரம் போல இது நடந்துகொண்டிருக்கும். வீட்டில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன்; ஒரு குறையும் இல்லை. மாசி மகத்தன்று மாமா அதைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எடுத்துச் சென்றார்.

சுற்றுவட்டார ஊர்களின் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து கூடும் நாள் அது. மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். பத்து மணி வாக்கில் ஓர் அம்மா அழுதுகொண்டே ஓடி வந்து மகனைக் காணவில்லை என்றார். மாமா பாட்டை இடைநிறுத்திவிட்டு மைக்கை எடுத்து, "பச்சைச் சட்டை போட்ட, நாலு வயசுப் பையன்" என்று தொடங்கியதும் அவருடைய குரலின் மேலேயே அடுத்த பாட்டு முழங்கியது. திரும்பவும் இடைநிறுத்தினார், அதற்கடுத்த பாட்டு முழங்கியது. மூன்றாவது முறை மாமா கணினியைத் தொடவில்லை, ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகிப் பாட்டை அடக்கிவிட்டு வாயாலேயே கத்தினார். பையன் ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான் என்பதால் நான் தப்பித்தேன்.

காரணம் ஆவணத்தில் ஒரே வரியில் இருக்கிறது. பைகேம் 2.0.1 பதிப்பிலிருந்து, பாட்டு இடைநிறுத்தத்தில் இருந்தாலும் கெட் பிஸி இல்லை என்றுதான் பதில் சொல்லும். அதற்கு முன் ஆம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பழைய பாடங்களில் சரியாக ஓடிய அதே வரி புதிய பதிப்பில் வேறு பொருள் தருகிறது. அதைப் படிக்காமல் விட்டது என் தவறு. வீட்டில் சோதித்தபோது பாட்டை நான் ஒருமுறைகூட இடைநிறுத்திப் பார்க்கவில்லை என்பதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இதற்கான தீர்வு எளிது. கருவியின் பதிலை மட்டும் நம்பாமல், பெட்டி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாமே ஒரு மாறியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஓடுகிறது, இடைநிறுத்தம், நின்றுவிட்டது என்று மூன்று நிலைகள். போடு, முந்தையது, அடுத்தது என்றால் முதலாவது, இடைநிறுத்தினால் இரண்டாவது, நிறுத்து என்றால் மூன்றாவது. நம் குறிப்பில் ஓடுகிறது என்று இருந்து, கருவி ஒன்றும் ஓடவில்லை என்று சொன்னால் மட்டுமே பாட்டு இயல்பாக முடிந்திருக்கிறது என்று பொருள். இந்த ஒரு நிபந்தனையால் இடைநிறுத்தக் கோளாறும் நிறுத்து பொத்தான் கோளாறும் ஒன்றாகத் தீர்ந்துவிட்டன.

பைகேமைப் பற்றி இன்னும் ஒரு குறை. பாட்டு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கெட் பாஸ் வழியாகக் கேட்டால், ஒலிக்கத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத்தான் அது சொல்லும். நடுவிலிருந்து தொடங்கிய பாட்டானால் தொடங்கிய இடத்தை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். பாட்டின் மொத்த நீளத்தையும் அந்தப் பகுதியில் நேரடியாகக் கேட்க முடியாததால் மியூடஜென் என்ற தனி நூலகத்தைச் சேர்த்தேன். நகர்த்தும் பட்டை தேவையில்லாதவர்களுக்கு இவை இரண்டும் பொருட்டல்ல, மாமாவுக்குத் தேவைப்படவில்லை.

சாளரத்துக்கு நான் பயன்படுத்திய டிகின்டரைப் பற்றியும் தமிழ் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விண்டோசில் பைத்தானை நிறுவும்போதே அது கூட வந்துவிடுகிறது. பொத்தான்களில் தமிழும் அழகாகவே தெரிகிறது. லினக்ஸில் டிகின்டரின் அடித்தளமான டிகேயின் 8.6 பதிப்பு தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிப்பதில்லை. "போடு" என்று எழுதினால் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் தனித்தனியே சிதறி நிற்கும். நான்கு பொத்தான்களுக்கு முக்கோணம், சதுரம் என்று படம் வரைந்து தப்பிக்கலாம். ஆனால் பாட்டின் பெயரைத் தமிழில் காட்ட வேண்டுமென்றால் லினக்ஸ்காரர்கள் டிகின்டர் பக்கம் போகவே வேண்டாம்.

லிப்விஎல்சிக்கு வருகிறேன். விஎல்சி 1996-இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் தொடங்கிய திட்டம்; இதைச் சொன்னதும் புதுச்சேரி நண்பர் ஒருவர் தன் சொந்தச் சித்தப்பா எழுதியதைப் போலப் பெருமைப்பட்டுக்கொண்டார். பெருமைக்குக் காரணம் இருக்கிறது. கிடைக்கும் எந்தக் கோப்பையும் முகம் சுளிக்காமல் ஓட்டும் குணம் மற்ற இரண்டிலும் இந்த அளவுக்கு இல்லை. வாடிக்கையாளர்கள் பென் டிரைவில் கொண்டுவருவதில் எம்பி3, எம்4ஏ, யாரோ வீடியோவிலிருந்து பிரித்தெடுத்த ஏதோ ஒன்று என்று எல்லாமே இருக்கும். மைக் செட் தொழிலுக்கு இந்தப் பொறுமை பெரிய பலம்.

தானாக அடுத்த பாட்டுக்குப் போவதற்கும் இதில்தான் ஆயத்தமான ஏற்பாடு உண்டு. மீடியா லிஸ்ட் பிளேயர் என்பதிடம் பட்டியலைக் கொடுத்துவிட்டால் அதுவே வரிசையாக ஓட்டிக்கொள்ளும். கடைசிப் பாட்டு முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கவும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டவும் ஒரு வரி போதும். அரை வினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கும் வேலையே இல்லை. இதைப் பார்த்ததும் பைகேமை விட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். ஆனால் பட்டியலை நாமே கையாள நினைத்து, பாட்டு முடிந்தது என்ற அறிவிப்பு வந்த இடத்திலேயே அடுத்ததைப் போடும் கட்டளையை எழுதினால் நிரல் அப்படியே உறைந்துவிடக்கூடும். அந்த அறிவிப்பு லிப்விஎல்சியின் சொந்த இழையிலிருந்து, அதாவது நம் நிரலுக்குள் தனியே ஓடும் ஒரு வேலைத்தொடரிலிருந்து, வருகிறது; அதற்குள்ளிருந்தே லிப்விஎல்சியைத் திரும்பக் கூப்பிட்டால் ஒன்றுக்கொன்று காத்திருந்து இரண்டும் நின்றுவிடும். அறிவிப்பு வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வேலையை முதன்மை இழையில் செய்ய வேண்டும். தெரிந்துகொண்டால் சிறிய விஷயம்தான். தெரியாதவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மேலும் விஎல்சி அந்தக் கணினியில் தனியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். பைத்தான் 64 பிட் என்றால் விஎல்சியும் 64 பிட்டாக இருக்க வேண்டும். இந்தப் பொருத்தம் தவறினால் வரும் பிழைச் செய்தியைப் பார்த்து யாரும் காரணத்தை ஊகிக்க முடியாது.

கியூட்டி மூன்றிலும் பெரியது, மூன்றிலும் ஒழுங்கானது. பைசைடு6 என்ற பெயரில் பைத்தானுக்குக் கிடைக்கிறது. மீடியா ஸ்டேட்டஸ் சேஞ்ச்டு என்ற சமிக்ஞையில் எண்ட் ஆஃப் மீடியா என்று வந்தால் பாட்டு இயல்பாக முடிந்தது என்றுதான் பொருள்; நாம் நிறுத்தினால் அந்த நிலை வராது. பைகேமில் நான் கையால் கட்டிய வேறுபாட்டை இது முதலிலேயே கட்டி வைத்திருக்கிறது. நீளம், ஓடிய இடம் எல்லாம் கேட்டால் கிடைக்கும். தமிழும் எல்லா இயங்குதளங்களிலும் பிசிறில்லாமல் தெரிகிறது. அப்படியிருந்தும் மாமாவின் கணினிக்கு இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. நான்கு பொத்தானுக்காகச் சில நூறு எம்பி இடம் கேட்கும் நூலகத்தை நிறுவுவது, ஒரு தெருவுக்குப் பாட்டுப் போட லாரியில் ஜெனரேட்டர் கொண்டு போவதைப் போன்றது. இதில் கற்பவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஐந்தாம் பதிப்பில் இருந்த பட்டியல் வகுப்பு ஆறாம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால் பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் ஓடாது, பட்டியலை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டை ஓட்டும் இயக்கியோடு ஆடியோ அவுட்புட் ஒன்றை இணைக்க மறந்தால் பாட்டு ஓசையே இல்லாமல் ஓடி முடிந்து, ஒழுங்காக அடுத்ததற்கும் போய்விடும்.

எந்தக் கருவியை எடுத்தாலும் நம் தலையிலேயே விழும் வேலைகள் சில உண்டு. கோப்புறையில் உள்ளவற்றைப் பைத்தான் எந்த வரிசையில் கொடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. பெயர்ப்படி வரிசைப்படுத்தினாலோ ஒன்றுக்குப் பின் பத்து, பதினொன்று என்று வந்து அதன் பிறகுதான் இரண்டு வரும். கோப்பின் பெயரிலுள்ள எண்ணை எண்ணாகவே எடுத்து ஒப்பிட வேண்டும். கச்சேரிப் பதிவுகளை ஆலாபனை ஒரு கோப்பு, கீர்த்தனை ஒரு கோப்பு என்று வெட்டி வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு சிறு விக்கல் கேட்கலாம். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட சிறு துண்டுகளாகப் பிரித்துச் சேமிப்பதாலும், முன்னும் பின்னும் கொஞ்சம் வெறுமையைச் சேர்ப்பதாலும் ஏற்படுவது அது. பைகேமில் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க விரும்புகிறவர்கள் நான் ஒதுக்கிய கியூ கட்டளையைத் திரும்பிப் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கெட்டுப்போன கோப்பு. பென் டிரைவைப் பாதியில் பிடுங்கியதால் அரைகுறையாக நின்ற ஒரு பாட்டு பட்டியலில் இருந்தது. தானாக அதற்குப் போனபோது லோட் கட்டளை பிழை கொடுத்தது. பிழை வந்த இடத்தோடு அந்த வேலை நின்றது. ஆஃப்டரை மறுபடி அழைக்கும் வரியை நான் வேலையின் கடைசியில் எழுதியிருந்ததால் கடிகாரமும் அத்தோடு நின்றுவிட்டது. சாளரம் உயிரோடு இருக்கும், பொத்தான்கள் வேலை செய்யும், கையால் போட்டால் பாட்டும் ஓடும். தானாக மட்டும் இனி ஒருபோதும் நகராது. பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. இப்போது ஆஃப்டரை எந்த நிலையிலும் அழைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, பிழை தரும் கோப்பைத் தாண்டி அடுத்ததற்குப் போகும்படி எழுதியிருக்கிறேன். தாண்டுவதற்கும் ஓர் எல்லை வைத்தேன். பட்டியலின் நீளத்துக்குச் சமமான முறை தொடர்ந்து தோற்றால் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கழற்றப்பட்ட பென் டிரைவின் பாட்டுகளைத் தேடி நிரல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

மாமாவின் கணினியில் பைத்தானை நிறுவாமல் பைஇன்ஸ்டாலர் கொண்டு தனிச் செயலியாகக் கட்டிக் கொடுத்தேன். ஒரே கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு முறையும் தற்காலிக இடத்தில் பிரித்துக்கொண்டுதான் தொடங்கும் என்பதால் தாமதமாகிறது. கோப்புறையாகக் கட்டினால் சட்டென்று திறக்கிறது. இப்படிக் கட்டிய செயலிகளை வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சில நேரம் வீணாகச் சந்தேகப்படும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

என் தேர்வு இதுதான். விண்டோசில் முதல் முறை எழுதுகிறவருக்குப் பைகேமும் டிகின்டரும். நிலையைக் குறிக்கும் மாறியை முதல் நாளே வைத்துவிட வேண்டும். பலவகைக் கோப்புகளை ஓட்ட வேண்டியவருக்கு லிப்விஎல்சியின் பட்டியல் இயக்கி. லினக்ஸில் தமிழ்ப் பெயர்களோடு பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவருக்குக் கியூட்டி.

மாமா இப்போது பைகேம் வடிவத்தைத்தான் வைத்திருக்கிறார். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் விக்கல் கேட்குமே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அவர் நேர்மாறாகக் கேட்டார். "நடுவுல ரெண்டு செகண்டு சும்மா விடு மாப்பிள்ளை. அப்பதான் மைக்க எடுத்து ஒரு வார்த்தை பேச முடியும்." ஆஃப்டருக்கு இரண்டாயிரம் என்று கொடுத்து முடித்தேன் என்று நினைத்தபோது, அந்த இரண்டு வினாடிக்குள் அவர் நிறுத்து பொத்தானை அமுக்கிவிட்டார், பாட்டு வந்துவிட்டது. காத்திருக்கும் ஆஃப்டரை ரத்து செய்யும் ஆஃப்டர் கேன்சல் என்ற கட்டளையைப் போன வாரம்தான் சேர்த்தேன்.